மருப்பும் மேருவும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் தன் பேஸ் கிதாரைத் தோளில் சுமந்துகொண்டு திருச்சிக்கு வந்திருந்தான். கல்லூரி இசைக்குழுவில் வாசிக்கிறான். அந்தக் கருவியின் கழுத்துச்சியில், நான்கு தந்திகளும் முறுக்காணிகளை நோக்கிப் பிரிந்து செல்லும் இடத்தில், குறுக்கே பதித்திருந்த சிறு வெண்துண்டு விரிசல் கண்டிருந்தது. மிகத் தடித்த தந்தி கிடக்க வேண்டிய பள்ளத்தின் ஒரு கரை உடைந்துபோய், அந்தத் தந்தியை மீட்டும்போதெல்லாம் வண்டு முரல்வது போன்ற ஓர் இரைச்சல். இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். பிறகு கேட்டார்: "பழைய மாதிரி பிளாஸ்டிக்கே போட்டுடவா சார், இல்ல எலும்பா, பித்தளையா?"

இருபது ஆண்டுகளாக யாப்பும் அணியும் நடத்திக்கொண்டிருப்பவனுக்கு இந்த வினாவிற்கு விடை தெரியவில்லை. இரண்டு நாள் கேட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. இடையில் டெக்சாஸில் இருக்கும் என் சிற்றப்பா மகனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லப்போக, அவன் உற்சாகமாகிவிட்டான். "அண்ணா, டிசம்பர்ல வரும்போது மாமூத் தந்தத்துல செஞ்சது ஒண்ணு வாங்கிட்டு வரேன். யானை இல்ல, பயப்படாதீங்க. அந்த இனமே அழிஞ்சு எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆச்சு. அதைவிட ஒசத்தி எதுவும் கிடையாது." இக்கட்டுரை அவனுக்கு நான் எழுத நேர்ந்த மறுமொழியின் நீண்ட வடிவம் என்று கொள்ளலாம்.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதை நட் என்கிறார்கள். நம் பட்டறைகளில் அது நட்டு ஆகி, போல்ட்டின் துணையாகிய நட்டோடு குழம்பிக் கிடக்கிறது. வீணையில் இதே வேலையைச் செய்யும் உறுப்புக்கு மேரு என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். யாழுக்கு மேரு கிடையாது, தேவையும் இல்லை. ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனி நீளமுள்ள கருவியில், விரலால் அழுத்தி நீளத்தைக் குறைக்கும் வேலையே இல்லையல்லவா? ஆனால் யாழின் வளைந்த தண்டினைச் சங்கப் புலவர்கள் கோடு என்றும் மருப்பு என்றும் குறித்தார்கள். இரண்டுமே யானைக் கொம்புக்கும் உரிய சொற்கள். வடிவ ஒப்புமையால் வந்த பெயராக இருக்கலாம். தம்பியின் செய்தியைப் படித்தவுடன் என் மனத்தில் ஓடிய சொல் மருப்பு என்பதே. சொல்லப்போனால் அந்தச் சொல்லின் மயக்கத்தில் ஒரு வாரம் அவனுக்கு 'சரி' என்று எழுதிவிடும் நிலையில்தான் இருந்தேன்.

மேரு செய்யும் வேலை எளியது. பேஸ் கிதாரின் தந்தி, மேருவுக்கும் குதிரைக்கும் இடையில், வழக்கமான அளவில் 34 அங்குலம் நின்று அதிர்கிறது. தந்திகளுக்கு இடையே உள்ள தொலைவையும், மெட்டுகளுக்கு மேல் அவை நிற்கும் உயரத்தையும் மேரு தீர்மானிக்கிறது. பள்ளம் மிகவும் ஆழ்ந்துவிட்டால் வெறுந்தந்தி முதல் மெட்டில் உரசி இரையும். மேலே நின்றுவிட்டால் முதல் சில மெட்டுகளில் சுருதி ஏறிவிடும். பழுதுபார்ப்பவர் தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே மெல்லிய காகிதம் நுழையும் அளவுக்கு ஒளி தெரிகிறதா என்று பார்ப்பார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விரல் ஒரு மெட்டின் பின்னே அழுந்திய கணத்தில் தந்தியின் எல்லை அந்த மெட்டாகிவிடுகிறது, மேருவுக்கு அங்கே வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனவே மேரு எதனால் ஆனது என்பது ஒலியைத் தொடுமானால், அது வெறுந்தந்தியின் ஒலியைத்தான் தொடும். ஆறு தந்திக் கிதாரைவிட பேஸ் கிதாருக்கு இது சற்றுக் கூடுதலாகப் பொருந்தும். ஏனெனில் வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும் அந்த அடித்தந்தியை பேஸ் வாசிப்பவர்கள் வெறுமனே விட்டு ஒலிக்கச் செய்வது மிகுதி. ஆகவே இந்தப் பேச்சு முழுக்க வீண்பேச்சு அல்ல. ஆனால் இதைச் சுற்றி எழுந்திருக்கும் புராணங்களின் அளவுக்கு அதில் சரக்கும் இல்லை.

அந்தப் புராணங்களின் மூலவர் தந்தம்.

தந்தம் உண்மையிலேயே அருமையான பொருள். அது எலும்பன்று, பல். எலும்பில் இரத்தம் ஓடிய நுண்துளைகள் இருக்கும், தந்தத்தில் அவை இல்லை. அரத்துக்கு இணங்கும், மெருகு ஏறும், தந்தி அதன் மேல் வழுக்கிச் செல்லும். ஐரோப்பாவில் லூட் கருவிகள் செய்தோர் எலும்பையும் தந்தத்தையும் மேருவுக்குப் பயன்படுத்தினர். சாக்சனியிலிருந்து 1833-இல் நியூயார்க் வந்து, சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்த மார்ட்டின் என்பவரின் பட்டறையிலும் உயர்ந்த கிதார்களுக்குத் தந்தம், எளிய கிதார்களுக்குக் கருங்காலி என்ற வருணப் பிரிவு நிலவியது. தந்தம் ஒலிக்காக மட்டும் அங்கே வரவில்லை என்பதற்கு இதுவே சான்று. விலையுயர்ந்த கிதாரின் விளிம்பைச் சுற்றியும் அதே தந்தத்தை இழைத்தார்கள். விளிம்புக்கு என்ன ஒலி?

கிதாருக்குச் சென்ற தந்தம் சொற்பம். பெரும்பகுதி பியானோவுக்கே சென்றது. கனெக்டிகட் மாநிலத்தில் டீப் ரிவர், ஐவரிட்டன் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. பின்னதன் பெயரிலேயே தந்தம் இருக்கிறது. சீப்பு அறுப்பதில் தொடங்கிய அவ்வூர்த் தொழில், 19-ஆம் நூற்றாண்டில் பியானோக் கட்டைகளுக்கு மேல் ஒட்டும் மெல்லிய தகடுகளுக்கு மாறியது. அறுத்த தகடுகளைக் கண்ணாடி வேய்ந்த நீண்ட கொட்டகைகளில் வாரக்கணக்கில் வெயில் காட்டி வெளுக்கச் செய்தார்கள். ஒரு பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகள். 1909-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. எல்லாவற்றுக்கும் தந்தம் போடவில்லை என்றாலும், கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது கை நின்றுவிடுகிறது.

அந்தத் தந்தத்தின் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சான்சிபாரை ஆண்ட ஓமானிய சுல்தானோடு அமெரிக்கா 1833-இல் வணிக உடன்படிக்கை செய்துகொண்டது. 1837-இல் அங்கே தன் தூதரை அமர்த்தியது. உள்நாட்டிலிருந்து கடற்கரை வரை நூற்றுக்கணக்கான மைல்கள் தந்தம் மனிதத் தோள்களில் வந்தது. கூலிக்குச் சுமந்த நியாம்வேசி மக்கள் அதில் உண்டு, பிடிபட்ட அடிமைகளும் உண்டு. கரைக்கு வந்தபின் தந்தம் ஒரு சந்தைக்கும் சுமந்தவன் இன்னொரு சந்தைக்கும் போவது வழக்கமாயிருந்தது. சான்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873-இல். நாசரேத்தில் மேரு செதுக்கிய கைவினைஞருக்கு இவை தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர் கைக்கு வரும்போது அது வெண்மையாக, சுத்தமாக, எந்த வாசனையும் இல்லாமல் இருந்திருக்கும்.

இனி மாற்றுப் பொருள்களின் கதை. 1860-களில் பில்லியர்ட்ஸ் பந்து செய்த ஒரு நியூயார்க் நிறுவனம், தந்தத்துக்கு மாற்றுக் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தது. அந்த அறிவிப்பால் தூண்டப்பட்டே ஜான் வெஸ்லி ஹயட் 1869 அளவில் செல்லுலாய்டை உருவாக்கினார். (நம் பாட்டிமார் காலத்துச் சீப்பும், பழைய திரைப்படச் சுருளும் அந்த வம்சமே.) பிளாஸ்டிக் யானைகளைக் காப்பாற்றியது என்று இந்த நிகழ்ச்சியை மேற்கோள் காட்டிப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. செல்லுலாய்டு வந்து நாற்பதாண்டு கழித்தும் தந்தத்தின் வணிகம் கொழித்துக்கொண்டுதான் இருந்தது. செல்லுலாய்டு செய்தது வேறொன்று. தந்தம் வாங்க முடியாதவர் வீட்டுக்கும் தந்தத்தின் தோற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் வணிகப் பெயர்களைப் பாருங்கள்: ஐவராய்ட், ஐவரின், பிரெஞ்சு ஐவரி. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட நிறம் ஏற்றி, தந்தத்தின் இழைவரிகளைக்கூட அதில் போலியாக வரைந்தார்கள். மார்ட்டின் நிறுவனமும் 1918 அளவில் தன் உயர்ந்த கிதார்களின் விளிம்புத் தந்தத்தைக் கைவிட்டு இந்த ஐவராய்டுக்கு மாறியது. போலி ஒன்று மூலத்தின் பெயரைச் சொல்லிப் பிழைக்கும்போது, மூலத்தின் மதிப்பு குறைவதில்லை, ஏறுகிறது.

இந்த வரிசையில் சேராத ஒருவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலி பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். 1951-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் இன்று உலகெங்கும் நாம் காணும் பேஸ் கிதாரின் மூதாதை. (சியாட்டிலில் பால் டட்மார்க் 1930-களிலேயே இத்தகைய ஒன்றைச் செய்திருந்தார். அது பரவவில்லை.) ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்காக, மரப்பலகையில் உடல் வெட்டி, கழுத்தைத் திருகாணிகளால் பூட்டி, பழுதானால் கழற்றி மாற்றலாம் என்று செய்தார். அதன் மேரு எலும்பு. தந்தத்தை அவர் ஏன் நாடவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளியது. எலும்பு மலிவு, எங்கும் கிடைக்கும், வேலை செய்யும். இறைச்சிக்காக அறுத்த மாட்டின் எஞ்சிய பகுதி. அதற்கு யாரும் புகழ்பாடவில்லை.

பேஸ் கிதாருக்கு மேரு தேய்ந்துபோகும் தொல்லை அதற்குப் பின்னரே கூடியது. தொடக்கத்தில் தந்தியின் மேல் தட்டையான நாடா சுற்றியிருப்பார்கள், தொட்டால் வழவழப்பாக இருக்கும். 1960-களில் உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகள் வந்தன. இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து 1966-இல் உருவாக்கியவை புகழ்பெற்றவை. பியானோவைப் போல் கணீரென்ற ஒலி. ஆனால் அந்தத் தந்தியின் புறம் அரத்தைப் போன்றது. சுருதி கூட்டும் ஒவ்வொரு முறையும் அது பள்ளத்தை ஒரு மயிரிழை இராவும். அடித்தந்தியின் தடிமன் 0.105 அங்குலம், ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். உள்ளே பொள்ளலாக வார்த்த மென்மையான பிளாஸ்டிக் இதற்கு எத்தனை நாள் தாங்கும்? என் தமக்கை மகனின் கருவியில் நேர்ந்தது இதுவே.

1970-களில் பித்தளை வந்தது. கலிபோர்னியாவின் அலெம்பிக் பட்டறை தன் விலையுயர்ந்த பேஸ்களில் பித்தளை மேருவைப் பொருத்தியது. 1976-இல் வந்த யமஹாவின் எஸ்.ஜி. 2000 கிதாரிலும் பித்தளை இருந்தது. நாதம் நீண்டு நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்தின் வெறி, கனமான உலோகம் அதைத் தரும் என்று நம்பினார்கள். அந்த வாதத்தில் ஒரு நியாயமும் உண்டு. மெட்டு உலோகம், மேருவும் உலோகமானால் வெறுந்தந்தியும் அழுத்திய தந்தியும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆனால் அதே நியாயத்தை ஜெர்மனியின் ஹோஃப்னர் 1956-லேயே வேறு வழியில் தீர்த்திருந்தது. பால் மெக்கார்ட்னியின் கையில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் வயலின் வடிவ பேஸ் அது. அதில் மேருவுக்கு முன்னால் கூடுதலாக ஒரு மெட்டு உண்டு, தந்தி அதன் மேல்தான் நிற்கிறது. மேரு தந்திகளை வரிசை கலையாமல் பிடித்துக்கொண்டால் போதும், அது எந்தப் பொருளானாலும் கவலையில்லை. இவ்வளவு தெளிவான தீர்வை மலிவுக் கருவிகளின் அடையாளம் என்று பலகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2015-இல் கிப்ஸன் நிறுவனம் இதைப் பித்தளையில் செய்து தன் கிதார்களில் பொருத்தியபோது வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே மரபான மேரு திரும்பிவந்தது. இசைக்கருவியைப்போல் வைதிகமான பொருள் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

பிற பொருள்களை விரைந்து கடக்கிறேன். வெஸ்டிங்ஹவுஸ் மின்தொழிலுக்காகச் செய்த மைகார்ட்டா. டியூபான்ட் நிறுவனம் 1967-இல் உருவாக்கிய கோரியன், இது அடுக்களை மேடைக்கானது. கிராஃபைட். 1983-இல் கனடாவில் தொடங்கிய கிராஃப் டெக் நிறுவனம் மிகுந்த அழுத்தத்தில் வார்க்கும் செயற்கைப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்தது. எலும்பில் துண்டுக்குத் துண்டு அடர்த்தி மாறும், இதில் மாறாது. நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு என்ன பெயர் இட்டார்கள் தெரியுமா? டஸ்க். யானைக் கொம்பைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல், கடைசி எழுத்தை மட்டும் மாற்றி. விளம்பரத்தில் 'மனிதன் செய்த தந்தம்' என்று வேறு. ஹயட்டுக்குப் பின் நூறாண்டு கடந்தும் மாற்றுப்பொருள் மருப்பின் பெயரைச் சொல்லியே கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் யானைகள். ஆப்பிரிக்காவில் 1979-இல் ஏறத்தாழ 13 இலட்சம் என்று மதிப்பிடப்பட்டவை, பத்தாண்டுக்குள் ஏறக்குறைய ஆறு இலட்சமாகக் குறைந்தன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கை 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆசிய யானை தொடக்கத்திலேயே அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. ஆப்பிரிக்க யானையை அங்கே சேர்க்கும் முடிவு 1989-இல் லோசான் நகரில் எடுக்கப்பட்டது. பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குக் கதவை அடைத்தது எந்த வேதியியல் பொருளும் அன்று, இந்தச் சட்டம்தான். அதன் நீட்சி பிற்காலத்தில் இசைவாணர்களைச் சங்கடத்துக்கும் உள்ளாக்கியது. 2014-இல் புடாபெஸ்ட் விழா இசைக்குழுவினரின் சில வில்களை, அவற்றின் முனையில் தந்தம் இருக்கலாம் என்ற ஐயத்தில் நியூயார்க் விமான நிலையத்தில் பறிமுதல் செய்து, பிறகு அபராதத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். பழைய கருவியை வைத்திருப்பவர்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. புதிதாக மேரு மாற்றப் புறப்பட்டவனுக்கு அந்த அனுதாபம் பொருந்தாது.

தம்பியின் மாமூத்துக்கு வருவோம். அவன் சொன்னது பொய்யன்று. மாமூத் மறைந்த இனம். கடைசிக் கூட்டம் ராங்கல் தீவில் வாழ்ந்து மறைந்து ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சைபீரியாவின் உறைநிலத்திலிருந்து தோண்டியெடுக்கிறார்கள். யாரையும் கொல்ல வேண்டியதில்லை. எலும்பு மேருவுக்காவது ஒரு மாடு செத்திருக்க வேண்டும், இதற்கு அதுவும் இல்லை. ஒரு வாரம் நான் மயங்கிக் கிடந்தது இந்த வாதத்தில்தான்.

ஆனால் இந்தியாவில் இந்த வாதம் ஏற்கனவே நீதிமன்றம் ஏறி இறங்கிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் இறக்குமதியான தந்தத்தையும் தடைசெய்தன. தந்த வணிகர்கள் மாமூத்தைக் காட்டி, இது யானையன்று, அழிந்த விலங்கு, இதற்குத் தடை பொருந்தாது என்று வழக்காடினார்கள். 2003-இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தில் தந்தம் என்ற சொல்லுக்கு முன்னால் யானை என்ற அடைமொழி இல்லை, அந்தச் சொல்லுக்குள் மாமூத்தும் அடங்கும் என்பது முடிவு. சொற்பொருள் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்தப் பகுதியை நான் மிக விரும்பிப் படித்தேன். நடைமுறைக் காரணமும் வலுவானது. இரண்டு தந்தங்களையும் கண்ணால் பிரித்தறிவது அரிது. குறுக்குவெட்டில் தெரியும் வரிகள் ஒன்றையொன்று வெட்டும் கோணத்தை அளந்து வல்லுநர்கள் வேறுபாடு காண்கிறார்கள். யானையில் அது விரிகோணம், மாமூத்தில் குறுங்கோணம். நான்கு சென்டிமீட்டர் நீளமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள மெருகேற்றிய துண்டில், அதுவும் நான்கு பள்ளங்கள் வெட்டியபின், யார் எந்தக் கோணத்தை அளப்பது? கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். நேற்றுச் சுட்ட யானையின் கொம்பு இந்தப் பெயரில் உள்ளே நுழைய வேறென்ன வேண்டும்? அமெரிக்காவிலும் நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் மாமூத்தையும் தடைக்குள் சேர்த்திருக்கின்றன. டெக்சாஸில் இருப்பதால் தம்பிக்கு அது எட்டவில்லை போலும்.

பழுதுபார்ப்பவரிடம் இரண்டு மாதம் கழித்துப் போய் எலும்பு என்றேன். "இதைத்தான் அன்னைக்கே சொல்லிருப்பேனே சார், நீங்கதான் டைம் கேட்டீங்க" என்றார். கொழுப்பு நீக்கி உலர்த்திய மாட்டெலும்புப் பட்டை ஒன்றை எடுத்து அரத்தால் இழைக்கத் தொடங்கினார். பல் மருத்துவரின் அறையில் வரும் அதே வாடை. பள்ளத்தை இறுதியாகச் சரிசெய்ய அவர் அரத்தை எடுக்கவில்லை, பழைய அடித்தந்தி ஒன்றின் துண்டையே வாள்போல் இழுத்தார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வெறுந்தந்தியை மீட்டினான் பையன், இரைச்சல் இல்லை. முன்பைவிட ஒலி இனிதாயிற்றா என்று என்னைக் கேட்டால், சுருதி நின்றது என்பதற்குமேல் என் செவிக்கு ஒன்றும் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில் அவன் சொன்னது ஒன்றே: "மாமா, எலும்புன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பூஜை ரூம் பக்கம் கிதாரை வைக்க விடமாட்டாங்க."

தம்பிக்கு அன்றிரவு எழுதினேன். மாமூத் வேண்டாம், வரும்போது பேஸ் தந்தி ஒரு செட் வாங்கி வா, தட்டையாகச் சுற்றியது.